நம்பர் பொருந்தினால் போதுமா? பழைய கார் வாங்கும்போது இன்ஜினை அடையாளம் காண்பது பற்றி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவில் ஓஹையோ பக்கம் இருக்கும் சித்தப்பா மகன் வாட்ஸப்பில் மூணு போட்டோ அனுப்பியிருந்தான். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"அண்ணா, 69 மாடல் கமாரோ. இசட் 28. ஒரிஜினல் இன்ஜின்னு சொல்றாங்க. நம்பரெல்லாம் மேட்ச் ஆகுது. அட்வான்ஸ் குடுத்துரவா?"

காலேஜ் ஹாஸ்டல் சுவரில் இந்தக் காரின் படத்தை ஒட்டி வைத்திருந்தவன் அவன். பல வருஷம் சேர்த்த காசு. விற்கிறவர் கேட்ட விலையோ, அதே வருஷத்து சாதாரண கமாரோவைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆனால் பழைய வண்டிகளின் எண்களைத் துருவிப் பார்ப்பது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். அதனால்தான் என்னிடம் கேட்டான்.

'மேட்ச் ஆகுது' என்றால் எதோடு எது மேட்ச் ஆகிறது? அவனுக்கு பதில் சொல்வதற்காகக் கிறுக்கி வைத்த குறிப்புகளைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். உதாரணம் முழுக்க 1969 கமாரோதான். ஆனால் யோசிக்கும் முறை எந்தப் பழைய காருக்கும் பொருந்தும்.

பென்சில் பிரிண்டும் அமெரிக்க முறையும்

நம்ம ஊரில் வண்டி பேர் மாற்றியவர்களுக்கு பென்சில் பிரிண்ட் தெரிந்திருக்கும். சேஸிஸ் எண் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பது. இங்கே ஆர்.சி.யிலேயே சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் இருக்கும். இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லிப் பதிய வேண்டும். அதாவது, எந்த வண்டியில் எந்த இன்ஜின் என்பது அரசாங்கக் காகிதத்திலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தக் காலத்து கார்களுக்கு உரிமைப் பத்திரத்தில் இருப்பது வின் எண் மட்டும்தான். அதாவது வண்டியின் அடையாள எண். இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறு ஒன்றை மாட்டினாலும் பத்திரம் அப்படியே செல்லும். ஆகவே 'இது இந்தக் காரோடு பிறந்த இன்ஜின்தானா' என்று பார்ப்பது அரசாங்கத்தின் வேலை இல்லை. வாங்குகிறவன் தலையில்தான் விழுகிறது.

இன்ஜின் ஏன் இவ்வளவு முக்கியம்?

இசட் 28 என்பது தனி மாடல் இல்லை, ஒரு ஆப்ஷன். அது பிறந்த கதை கார் பந்தயத்தில் இருக்கிறது. டிரான்ஸ் ஆம் என்ற பந்தயத்தில் இன்ஜின் கொள்ளளவு 5 லிட்டருக்குள், அதாவது 305 கன அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி. செவ்ரோலேயிடம் இருந்த 327 கொஞ்சம் பெரிசு, 283 சின்னது. 327-இன் 4 அங்குல போரையும் 283-இன் 3 அங்குல ஸ்ட்ரோக்கையும் சேர்த்தார்கள். கிடைத்தது 302 கன அங்குலம். விதிக்குள் அடங்கிவிட்டது. பந்தயத்தில் ஓட வேண்டுமென்றால் அதைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும். அப்படி வந்ததுதான் இசட் 28.

1967-ல் வெறும் 602 கார்கள். 1968-ல் 7,199. 1969-ல் 20,302. அந்த 1969-ல் மொத்தம் வந்த கமாரோக்கள் 243,085. பன்னிரண்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த ஒன்று எது என்பதை வின் எண் சொல்லாது! 1969 கமாரோவின் வின் எண்ணைப் பிரித்தால் இவ்வளவுதான் கிடைக்கும்: செவ்ரோலே, கமாரோ, ஆறு சிலிண்டரா எட்டு சிலிண்டரா, கூரை உள்ளதா திறந்ததா, எந்த வருஷம், எந்த ஆலை, எத்தனையாவது வண்டி. எட்டு சிலிண்டர் என்றால் எந்த எட்டு சிலிண்டர்? பதில் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் வின் எண்ணுக்குள் இன்ஜினுக்கென்று ஒரு எழுத்து வந்தது 1972 மாடலிலிருந்துதான்.

சரி, கம்பெனியிடமே கேட்டுவிடலாமே? கனடாவில் விற்ற கார்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸின் கனடா நிறுவனத்திடம் பதிவு இருக்கிறது, எழுதிக் கேட்டால் தருவார்கள். பான்டியாக் கார்களுக்கும் பழைய பில் விவரங்கள் கிடைக்கும். அமெரிக்காவில் விற்ற கமாரோவுக்கு அப்படி ஒரு ஏடு இல்லை. மிஞ்சுவது இரும்புதான். இரும்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிய வேண்டும்.

ஒரு இன்ஜின் பிளாக்கில் மூன்று எழுத்து

பலரும் 'இன்ஜின் நம்பர்' என்று ஒருமையில் சொல்கிறார்கள். உண்மையில் இந்தப் பிளாக்கில் மூன்று வகை எழுத்து இருக்கிறது. மூன்றும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு ஆட்கள் போட்டவை.

முதலாவது, வார்ப்பு எண்ணும் வார்ப்பு தேதியும். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும்போதே புடைத்துக்கொண்டு வருபவை. பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் இருக்கும். எண் ஒரு பக்கம், தேதி மறுபக்கம். தேதி இப்படி இருக்கும்: மாதத்துக்கு ஒரு எழுத்து (ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, இப்படியே எல் வரை), அப்புறம் நாள், அப்புறம் வருஷத்தின் கடைசி இலக்கம்.

இரண்டாவது, இன்ஜின் ஆலையின் முத்திரை. வலதுபக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்தில் ஒரு தட்டையான இடம் இருக்கும். 69 மாடலில் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் எண்ணெய் அழுக்கில் ஒளிந்திருக்கும். அங்கே இன்ஜினைக் கோர்த்து முடித்த ஆலை, மாதம், நாள், பிறகு வகைக் குறியீடு. 'வி' என்றால் மிச்சிகனில் உள்ள ஃபிளின்ட் ஆலை. 1969-ல் 'டி இசட்' என்று முடிந்தால் அது இசட் 28-க்கான 302 இன்ஜின்.

மூன்றாவது, கார் ஆலையின் முத்திரை. இன்ஜின் ஃபிளின்டிலிருந்து கார் கட்டும் ஆலைக்குப் போகும். கமாரோவுக்கு அது ஓஹையோவின் நார்வுட் அல்லது கலிபோர்னியாவின் வான் நைஸ். அங்கே காரின் வின் எண்ணைச் சுருக்கி பிளாக்கில் அடிப்பார்கள்: செவ்ரோலேவுக்கு 1, வருஷத்துக்கு 9, ஆலையின் எழுத்து, பிறகு அந்தக் காரின் ஆறு இலக்க வரிசை எண். இது அதே தட்டையான இடத்திலும் இருக்கலாம், ஆயில் ஃபில்டருக்கு மேலேயும் இருக்கலாம்.

இந்தச் சுருக்க எண்ணும் டேஷ்போர்டில் கண்ணாடி வழியாகத் தெரியும் வின் தகடும் ஒத்துப்போவதைத்தான் சந்தையில் 'மேட்சிங் நம்பர்ஸ்' என்கிறார்கள். தம்பி அனுப்பிய மூணு போட்டோவில் ஒன்று வின் தகடு. இன்னொன்று, இன்ஜின் அறைச் சுவரில் ரிவிட் அடித்திருக்கும் பாடித் தகடு. அதில் '03சி', அதாவது மார்ச் மூன்றாவது வாரம் கட்டிய கார். மூன்றாவது அந்த முத்திரை: வி 0312 டி இசட். ஃபிளின்ட், மார்ச் 12, இசட் 28 இன்ஜின். பக்கத்திலேயே சுருக்க எண், கடைசி இலக்கம் வரை சரி. இன்ஜின் மார்ச் 12, கார் அடுத்த வாரம். பார்த்தவுடன் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

புடைத்ததும் பதிந்ததும்

ஆனால் யோசித்துப் பாருங்கள். மூன்று எழுத்தில் எதைப் போலியாகச் செய்வது சுலபம்? பதிந்த எழுத்தைத்தான். கடைசல் பட்டறையில் அந்த இடத்தை வழவழவென்று மட்டம் செய்துவிட்டு, எழுத்து உளியும் சுத்தியலும் இருந்தால் எந்த எண்ணை வேண்டுமானாலும் அடிக்கலாம். புடைத்த எழுத்தை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. செதுக்கி எடுத்து வேறு ஒட்ட வேண்டும். உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். விற்பனை விளம்பரங்களில் முத்திரையின் படம் பளிச்சென்று வரும். வார்ப்பு தேதியின் படம் பெரும்பாலும் வராது. பின்பக்கம், ஃபயர்வாலுக்குப் பக்கத்தில், கை நுழையாத இடம் என்பது ஒரு காரணம். எப்போதும் அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது.

"அட்வான்ஸ் குடுக்காத. நேர்ல போ. டார்ச், சின்னக் கண்ணாடி, பழைய துணி எடுத்துட்டுப் போ. பின்னாடி இருக்குற தேதிய போட்டோ எடு" என்றேன்.

இன்னொன்றும் சொன்னேன். முத்திரை இருக்கும் இடத்தை கிரீஸ் கரைக்கும் திரவம் போட்டுத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். கம்பி பிரஷ், உப்புத்தாள் பக்கமே போகக்கூடாது. ஏன் என்றால் அந்த இடத்தின் தோல்தான் முக்கிய சாட்சி. ஆலையில் பிளாக்கின் மேல்பரப்பை ப்ரோச் என்ற பெரிய வெட்டு இயந்திரம் ஒரே இழுப்பில் சீவும். அதனால் முன்னிருந்து பின்னாக, ஒன்றுக்கொன்று இணையாக, மெல்லிய கோடுகள் விழும். முத்திரை அந்தக் கோடுகளுக்கு மேல் அடிக்கப்பட்டது. எழுத்துக்கு நடுவிலும் சுற்றிலும் அதே கோடுகள் தொடர்ந்து ஓட வேண்டும். வழவழப்பாகவோ, வட்டக் கோடுகளாகவோ, குறுக்குக் கீறலாகவோ இருந்தால் ஆலைக்குப் பிறகு யாரோ அங்கே கை வைத்திருக்கிறார்கள்.

எழுத்தையும் பார்க்க வேண்டும். இதில் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். எழுத்து கோணலாக இருப்பதோ, ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலோட்டமாகவும் இருப்பதோ சந்தேகத்துக்கு இடமில்லை. ஆலையில் தொழிலாளி கையால் அடித்தது. ஒரு நாளைக்கு எத்தனையோ அடித்திருப்பார். சந்தேகப்பட வேண்டியது வேறு: இன்ஜின் ஆலை முத்திரையும் கார் ஆலை முத்திரையும் ஒரே எழுத்துருவில், ஒரே ஆழத்தில் இருந்தால். ஒன்று மிச்சிகனில் அடித்தது, இன்னொன்று ஓஹையோவில் அடித்தது. இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த உளிபோல் இருக்கக் காரணமே இல்லை.

தேதிகளின் வரிசை

அடுத்த சனிக்கிழமை அவன் போனான். மதியம் போட்டோ வந்தது. வார்ப்பு எண் 3970010. தேதி: டி 5 9.

வார்ப்பு எண்ணில் தப்பில்லை. இந்தப் பிளாக் 302-க்கும் வந்தது, 327-க்கும் வந்தது, 350-க்கும் வந்தது, லாரியில்கூட வந்தது. மூன்றுக்கும் போர் ஒன்றுதான், 4 அங்குலம். ஸ்ட்ரோக்தான் வேறு: 302-க்கு 3 அங்குலம், 327-க்கு 3.25, 350-க்கு 3.48. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகம். அதனால் 'வார்ப்பு எண் சரியா இருக்கு, ஆகவே இசட் 28 இன்ஜின்' என்று யாராவது சொன்னால் அது வாதமே இல்லை. குடும்பப் பெயர் தெரிகிறது, ஆள் யார் என்று தெரியவில்லை.

தேதிதான் உதைத்தது. டி என்றால் நான்காவது மாதம். ஏப்ரல் 5.

இன்ஜினைக் கோர்த்து முடித்ததாக முத்திரை சொல்லும் தேதி மார்ச் 12. அந்த இன்ஜினின் பிளாக்கை உருக்கி ஊற்றியது ஏப்ரல் 5. குழந்தை பிறப்பதற்கு மூன்று வாரம் முன்னாலேயே பெயர் சூட்டு விழா நடந்திருக்கிறது.

'வருஷம் வேறயா இருக்கலாமே?' என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. வருஷத்துக்கு ஒரே இலக்கம்தான், 9 என்பது 1969 ஆகவும் இருக்கலாம், 1979 ஆகவும் இருக்கலாம். 3970010 பிளாக் எழுபதுகளிலும் வந்துகொண்டிருந்தது. ஆனால் 1969 என்றாலும் மூன்று வாரம் பிந்தியது, 1979 என்றால் பத்து வருஷம் பிந்தியது. எப்படிப் பார்த்தாலும் அந்த முத்திரை அந்த இரும்பில் ஆலையில் விழுந்திருக்க முடியாது.

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நின்றால் போதும் என்றால் அது இதுதான். எண்கள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதைவிட, தேதிகள் வரிசையாக நிற்கின்றனவா என்று பாருங்கள். முதலில் வார்ப்பு, பிறகு இன்ஜின் கோர்ப்பு, பிறகு கார். ஒவ்வொன்றுக்கும் இடையில் சில நாளோ சில வாரமோ இருக்கும். போலி செய்கிறவர் வழக்கமாக ஒரு எண்ணைத்தான் பொருத்துகிறார். வரிசை முழுவதையும் பொருத்துவதற்கு சரியான மாதத்தில் வார்த்த பிளாக் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதனால்தான் தேதியோடு நிறுத்தாமல் கோடுகளையும் எழுத்தையும் பார்ப்பது.

மற்ற சாட்சிகள்

இன்ஜின் தவிர காரில் வேறு சாட்சிகளும் உண்டு. நாலு கியர் மேனுவல் இல்லாமல் இசட் 28 கிடையாது. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கட்டாயம். ஏ.சி. கிடையாது. கியர்பாக்ஸ் மன்சி வகை. அதிலும் தேதியும் காரின் சுருக்க எண்ணும் அடித்திருக்கும். வேறு இடத்தில், வேறு பாகத்தில் இருக்கும் இந்த எண்ணை ஏமாற்றுகிறவர்கள் சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.

நார்வுட் ஆலையில் 1968 டிசம்பர் நடுவிலிருந்து கட்டிய கார்களின் பாடித் தகட்டில் எக்ஸ் என்று தொடங்கும் ஒரு குறியீடு இருக்கும். எக்ஸ் 33 அல்லது எக்ஸ் 77 என்றால் அது இசட் 28. இது பெரிய உதவி. ஏனென்றால் இன்ஜின் போனாலும், கார் இசட் 28 ஆகப் பிறந்ததா என்ற கேள்விக்கு பதில் கிடைக்கிறது. ஆனால் தகட்டையும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ரிவிட்டைப் பார்க்க வேண்டும்.

முதல் உரிமையாளருக்கு வாரண்டி புத்தகத்தோடு ஒரு சின்ன உலோகத் தகடு கொடுப்பார்கள். இன்ஜின் குறியீடு முதல் பின் ஆக்ஸில் குறியீடு வரை அதில் புடைத்திருக்கும். அது கையில் இருந்தால் நல்லது. ஆனால் அதற்கும் நகல் உண்டு. எந்த ஒரு சாட்சியையும் தனியாக நம்ப முடியாது. எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

ஒரிஜினல் இல்லை என்றால் மோசமா?

இல்லவே இல்லை. இதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பாதி உண்மைதான் ஆகும்.

இது பந்தயத்துக்காகப் பிறந்த இன்ஜின். வாங்கியவர்கள் விரட்டி ஓட்டினார்கள். இன்ஜின் வெடித்தது, வேறு மாட்டினார்கள். வாரண்டியில் கம்பெனியே புதுப் பிளாக் கொடுத்தது உண்டு. அவற்றில் 'சி இ' என்று தொடங்கும் எண் இருக்கும். அது நேர்மையான மாற்று இன்ஜின். அதேபோல், ஹெட் கேஸ்கெட் சரியாக உட்கார வேண்டும் என்று பட்டறையில் பிளாக்கின் மேல்பரப்பைச் சீவுவார்கள். அதில் முத்திரை காணாமல் போகும். அந்த மெக்கானிக் யாரையும் ஏமாற்றவில்லை. நாற்பது வருஷம் கழித்து அந்த எழுத்துக்கு விலை வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முத்திரை இல்லாத பிளாக் குற்றம் இல்லை. இல்லாத முத்திரையைத் திரும்ப அடித்துவிட்டு 'பிறவி இன்ஜின்' என்று விலை சொல்வதுதான் ஏமாற்று. ஓட்டுவதற்கு இரண்டு இன்ஜினும் ஒன்றுதான், சத்தமும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க விலையில் இருக்கிறது. அந்த விலை வித்தியாசம் ஒரு குடும்பத்தின் பல வருஷ சேமிப்பாக இருக்கலாம்.

பிறகு என்ன ஆச்சு

தம்பி போட்டோவை விற்கிறவரிடமே காட்டினான். வயதானவர். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாராம். தான் வாங்கும்போதும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் கொடுத்தார்கள், பின்பக்கம் யாரும் பார்க்கச் சொல்லவில்லை என்றாராம். பொய் சொல்வதுபோலத் தெரியவில்லை என்றான் தம்பி. எனக்கும் அப்படித்தான் பட்டது. கதவு திறந்து விட்டவர் பொய் சொல்கிறவராக இருந்தால் டார்ச்சையும் கண்ணாடியையும் பார்த்த உடனேயே ஏதாவது சாக்கு சொல்லியிருப்பார்.

அந்தக் காரின் பாடித் தகடு எக்ஸ் 33. ரிவிட்டும் பழைய ரிவிட்தான். மன்சி கியர்பாக்ஸில் காரின் எண் சரியாக இருந்தது. அதாவது கார் நிஜமான இசட் 28. இன்ஜின் மட்டும் அதனுடையது இல்லை. அந்தக் கணக்குக்கு ஒரு விலையைத் தம்பி சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பெரியவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

நீங்கள் கமாரோ வாங்கப் போவதில்லை, தெரியும். ஆனால் பழைய அம்பாஸடரோ ஃபியட்டோ வாங்கப் போனால்கூட பென்சில் பிரிண்டோடு நிறுத்தாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள எண்ணும் இன்ஜினில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகு, அந்த எண் உட்கார்ந்திருக்கும் இரும்பையும் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றியுள்ள இடமெல்லாம் கரடுமுரடாக இருக்க, எண் உள்ள இடம் மட்டும் வழவழப்பாக இருந்தால் விலை பேசும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது.